பாறையின் இறுக்கத்தை நிலநடுக்கம் காட்டிக்கொடுப்பது எப்படி?

பூமிக்குள் இருபது கிலோமீட்டர் ஆழத்தில் பாறை எந்தப் பக்கமாக நெருக்கப்படுகிறது என்று இறங்கிப் பார்க்க முடியாது. ரஷ்யாவின் கோலாவில் பல வருடம் தோண்டிய துளையே 12 கிலோமீட்டர் சொச்சத்தில் நின்றுபோனது. அதற்குக் கீழே நடப்பதை நிலநடுக்கம்தான் சொல்ல வேண்டும். நன்றாகவே சொல்கிறது.

இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டி வைத்து, வலது கையை முன்னாலும் இடது கையைப் பின்னாலும் நகர்த்துங்கள். பாறைப் பிளவு நழுவுவதும் இப்படித்தான். வலது கைக்கு முன்னால் இருப்பது தள்ளப்படும், பின்னால் இருப்பது இழுக்கப்படும். இடது கைக்கு இது நேர்மாறு. ஆக, சுற்றியுள்ள நிலம் தள்ளு, இழு, தள்ளு, இழு என்று நான்கு கால்பகுதிகளாகப் பிரிகிறது. தள்ளப்பட்ட பகுதியில் இருக்கும் கருவியில் முதல் அசைவு மேலே எழும்பும், இழுபட்ட பகுதியில் கீழே இறங்கும். பல நிலையங்களின் முதல் அசைவை வைத்து, தள்ளப்பட்ட பகுதி கறுப்பு, இழுபட்ட பகுதி வெள்ளை என்று ஒரு பந்தை வரைவார்கள். நெருக்கும் அச்சு, அதாவது பாறை நெருக்கப்படும் திசை, இழுபட்ட பகுதியின் நடுவில்தான் வரும். தலைகீழாகத் தோன்றலாம், ஆனால் நெருக்குவது என்றால் இரு பக்கமும் உள்ளே வருவதுதானே?

சரி, ஒரு பந்து போதுமா? போதாது. விறகில் கோடாலி எப்படி விழுந்தாலும் பிளவு மரத்தின் ரேகை வழியாகத்தான் ஓடும். பாறையும் பழைய பிளவு இருக்கும் பக்கமாகவே நழுவும். ஒற்றை நிலநடுக்கத்தை நம்பினால் திசை வெகுவாகத் தவறலாம் என்று புவி இயற்பியலாளர் டான் மெக்கென்சி 1969இலேயே எச்சரித்தார். அதனால் வெவ்வேறு சாய்வுள்ள பிளவுகளில் வந்த நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்களை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே தகைவு (பாறைக்குள் இருக்கும் இறுக்கம்) எது என்று கணக்குப் போடுகிறார்கள். நாம் உணரவே உணராத குட்டி அதிர்வுகள்தான் இதற்கு அதிகம் உதவுகின்றன. ஆனாலும் இந்தக் கணக்கு திசையைத்தான் தரும், அளவைத் தராது.

அளவையும் ஊகிக்க ஒரு வாய்ப்பு ஜப்பானில் வந்தது. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நாடு ஆழ்துளைகளில் கருவி வைத்து நிலநடுக்கத்தைப் பதியும் சுமார் 800 நிலையங்களை அமைத்திருந்தது. வடகிழக்குக் கடலடியில் பசிபிக் தட்டு ஆண்டுக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வந்து முட்டுகிறது. அதனால் அங்கே வந்த நிலநடுக்கங்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் இன்னொன்றின் மேல் ஏறும் வகை. பக்கவாட்டு நெருக்கல், மேலே கிடக்கும் பாறையின் எடையை விட அதிகம் என்று பொருள்.

2011 மார்ச் 11 அன்று 9 என்ற அளவை ஒட்டிய பெரும் நிலநடுக்கம் அங்கே வந்தது. கடல் அகழிக்கு அருகே தட்டு ஐம்பது மீட்டர் அளவுக்கு நழுவியது. அப்புறம் மேல்தட்டில் வந்த பின்னதிர்வுகளைப் பார்த்தால், நிலம் விரிந்து ஒரு பக்கம் கீழே சரியும் வகை ஏராளம்! நெருக்கல் இருந்த இடத்தில் இப்போது இழுவை.

தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 50 கிலோ மூட்டை, அது பக்கவாட்டு நெருக்கல்; மறுதட்டில் இருப்பது மேலே கிடக்கும் பாறையின் எடை. அதிலிருந்து இரண்டு கிலோவை எடுத்ததும் மறுதட்டு இறங்கிவிட்டது என்றால், இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டு கிலோவைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். நிலநடுக்கம் எவ்வளவு தகைவை எடுத்தது என்பதை நழுவலின் அளவிலிருந்து கணக்கிடலாம். அது சில பத்து மெகாபாஸ்கலைத் (தகைவை அளக்கும் அலகு) தாண்டாது. அவ்வளவு எடுத்ததற்கே திசை புரண்டதென்றால், அந்தப் பிளவு தாங்கிக்கொண்டிருந்த தகைவும் அதே அளவுதான். கிட்டத்தட்ட முழுவதும் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. பிளவு அவ்வளவு வலுவற்றது. எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் இது: அளவே தராத தரவிலிருந்து அளவைக் கறந்துவிட்டார்கள்.

இதைச் சரிபார்க்க 2012இல் சிக்யூ என்ற ஜப்பானின் ஆழ்கடல் துளையிடும் கப்பல் அங்கே போனது. சுமார் 6,900 மீட்டர் நீருக்கு அடியில், கடற்தரையிலிருந்து மேலும் 800 மீட்டருக்கு மேல் துளையிட்டு, நழுவிய பிளவுக்குள் வெப்பமானிகளை இறக்கினார்கள். உராய்ந்த இடம் சூடாக இருக்க வேண்டுமே. நிலநடுக்கம் முடிந்து ஒன்றரை வருடமாகியும் மிச்சமிருந்த கூடுதல் சூடு 0.31 டிகிரி. அதிலிருந்து கிடைத்த உராய்வுக் குணகம் (எண் குறையக் குறைய எளிதாக வழுக்கும்) 0.08. சாதாரணப் பாறைக்கு அது 0.6க்கு மேல் இருக்கும்.