எண்ணெய் விட்டும் ஃபேன் ஏன் கத்துகிறது?

"சத்தம் போட்ட ஃபேனுக்கு மெஷின் ஆயில் விட்டேன். நாலு நாள் மூச்சே இல்லை. அஞ்சாம் நாள் முன்னைவிட மோசமாகக் கத்துகிறது. எண்ணெய் போதவில்லையா?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். அந்த எண்ணெய்தான் வினையே.

முதலில், கத்துவது பேரிங்தானா? 'டக் டக்' என்றால் றெக்கைத் திருகாணி தளர்ந்திருக்கலாம். மெதுவாகச் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர். ரெகுலேட்டரைக் குறைத்தால் மட்டும் முனகினால் அது மின்சாரத்தின் வேலை. சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபேன் சுற்றி ஓயும்வரை காது கொடுத்துக் கேளுங்கள். மின்சாரம் நின்ற பிறகும் 'கரகர' என்று அரைத்தால் சந்தேகம் பேரிங் மேல்தான்.

சீலிங் ஃபேனில் நடுத்தண்டு சுற்றாது, வெளிக்கூடுதான் சுற்றும். இரண்டுக்கும் நடுவே மேலும் கீழுமாக இரண்டு பால் பேரிங், அதாவது உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருளும் அமைப்பு. பலவற்றில் 6202 என்று பொறித்திருக்கும். கடைசி 02 என்றால் உள்துளை 15 மில்லிமீட்டர்.

சுற்றும் பாகத்தின் எடை சில கிலோதான். ஆனால் குண்டு வளையத்தைத் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுகூட இல்லை. அதனால் அங்கே அழுத்தம் வளிமண்டலத்தைப் போலப் பல ஆயிரம் மடங்கு. நியாயமாகப் பார்த்தால் எண்ணெய் பிதுங்கி ஓடிவிட வேண்டும். 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் எண்ணெய்ப் படலத்துக்கு ஒரு சமன்பாடு தந்தார். அதை வைத்துப் பின்னால் பற்சக்கரங்களுக்குக் கணக்குப் போட்டால், படலம் உலோகத்தின் மேடுபள்ளத்தைவிட மெலிதாக வந்தது. பற்சக்கரங்களோ தேயாமல் ஓடிக்கொண்டிருந்தன!

கணக்கில் விட்டுப்போனவை இரண்டு. அழுத்தம் ஏற ஏற எண்ணெயின் பாகுத்தன்மை (ஓடவிடாத கெட்டித்தன்மை) தாறுமாறாக ஏறுகிறது. குண்டுக்கு அடியில் சிக்கும் அந்த ஒரு கணம், எண்ணெய் ஏறக்குறையக் கண்ணாடி போல இறுகிவிடுகிறது. ஓட நினைத்தாலும் ஓட முடியாது. எஃகும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுங்கி இடம் விடுகிறது. குண்டு உருண்டு போனதும் அது மறுபடி வெறும் எண்ணெய். இப்படிக் காப்பாற்றும் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உராய்வை ஆராயப் பணம் கேட்டால் இன்னும் பலர் சிரிக்கிறார்கள். 1966-ல் பிரிட்டிஷ் அரசுக்காகப் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சம் என்று கணக்குக் காட்டியது. அதையாவது படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

சரி, வாசகரின் ஃபேன். படலம் தடிமனாக நிற்க வேகமோ பாகுத்தன்மையோ வேண்டும். ஃபேன் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான், அதனால் எண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கிரீஸ். சோப்பு இழைகளின் வலையில் எண்ணெயைப் பிடித்து வைத்து, சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் பஞ்சு அது. மெஷின் ஆயில் அந்தப் பஞ்சைக் கரைத்து வழித்துக்கொண்டு போய்விட்டது. நாலு நாள் அமைதி, மிச்சமிருந்த ஈரத்தால் வந்தது. துரு எடுக்கும் ஸ்பிரே அடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் கத்தியிருக்கும்.

மின்சாரத்தை நிறுத்தி, ஃபேனை இறக்கி, பேரிங்கைக் கழற்றுங்கள். மூடித்தகட்டை ஊசியால் நெம்பி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். முதல்முறை நான் கிரீஸை வாய்வரை அடைத்தேன், பேரிங் கடைந்து கடைந்து சூடாகி எல்லாம் வெளியே வழிந்தது. உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு லித்தியம் கிரீஸ் போதும். ஆனால் அதற்கு முன்னால், காய்ந்த பேரிங்கை விரலில் மாட்டி மெல்லச் சுற்றிப் பாருங்கள். கழுவிய பிறகும் மணல் நெருடுவது போல இருந்தால் குண்டு உருளும் ஓடுபாதையில் குழி விழுந்துவிட்டது. கிரீஸ் டப்பாவை மூடி வைத்துவிட்டு, அதே எண் போட்ட புதுப் பேரிங் வாங்கி மாட்டுங்கள்.