பால்வாடில பால் எங்க இருக்கு? கே.ஜி.க்கும் அதுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்

எங்க வேலூர் பக்கம் "புள்ளைய பால்வாடில வுட்டுட்டு வரேன்"னு சொல்றவங்கள கேட்டுப்பாருங்க, பால் குடிக்கிற வயசு புள்ளைங்க போற எடம், அதான் பால்வாடின்னு சொல்வாங்க. பாலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லபா. இது பாலகிருஷ்ணன்ல வர்ற பால், அதாவது குழந்தை. வாடின்னா குஜராத்தி, மராத்தில தோட்டம், தோப்பு. ஆக, குழந்தைங்க தோட்டம்.

இப்ப கே.ஜி.யோட முழுப்பேரு கிண்டர்கார்டன எடுத்துக்கோங்க, ஜெர்மன்ல கிண்டர்னா குழந்தைங்க, கார்ட்டென்னா தோட்டம், அவ்ளோதான். டையும் ஷூவும் மாட்டிகினு வேன்ல போற எல்.கே.ஜி.யும், குடியாத்தம் பக்கம் பீடி சுத்தற அம்மாங்க இடுப்புல தூக்கினு வந்து வுட்டுட்டு போற பால்வாடியும் பேரளவுல ஒண்ணேதான், ஃபீஸ்தான் வேற.

இந்த பேர வெச்சவரு ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், 1782-ல ஜெர்மனில துரிங்கியா பக்கம் பொறந்தவரு. சின்ன வயசுல காட்டு இலாகா வேலை கத்துக்கப் போனாரு, அப்புறம் கனிமங்கள பத்தி படிச்சாரு, சுவிட்சர்லாந்து போயி பெஸ்டலோசின்ற கல்வியாளர்கிட்ட வேலை செஞ்சாரு. 1837-ல பிளாங்கன்பர்க்ல சின்ன புள்ளைங்களுக்கு ஒரு எடம் தொறந்து 1840-ல தான் அதுக்கு கிண்டர்கார்டன்னு பேர் வெச்சாரு. பேர்ல ஸ்கூல்ங்கற வார்த்தையே இல்ல பாருங்க. வெளையாட்டுதான் அந்த வயசு புள்ளையோட படிப்பு, டீச்சர் தோட்டக்காரர் மாதிரி, செடிய புடிச்சி இழுத்து வளக்க முடியாதுன்றது அவரு கணக்கு. பேச்சோட நிக்கல, நிஜமாவே ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு துண்டு நிலம் குடுத்து செடி வெக்க வெச்சாரு. நூல் பந்து, மர உருண்டை, கட்டைங்க எல்லாம் வெளையாட குடுத்தாரு, அதுக்கு 'பரிசு'ன்னே பேரு. இதுல என்ன பயமோ தெரியல, 1851-ல பிரஷ்யான்ற ஜெர்மன் ராஜ்ஜியத்தோட அரசாங்கம் நாத்திகம், சோஷலிசம்னு சொல்லி கிண்டர்கார்டனயே தடை பண்ணிடுச்சு. மறுவருஷம் மனுஷன் செத்துட்டாரு, தடை போனது 1860-ல.

நம்ம நாட்டுல பால்வாடிய கிராமத்துக்கு கொண்டுபோனதுல தாராபாய் மோடக்ன்ற கல்வியாளர் முக்கியமானவங்க, 1945-ல மகாராஷ்டிரால போர்டின்ற ஊர்ல ஆரம்பிச்சாங்க. அங்கன்வாடில வர்ற ஆங்கன் இந்தில முற்றம். குறள்ல "அங்கணத்துள் உக்க அமிழ்து"ன்னு வருதே, அதே சொந்தம்தான். 1975 அக்டோபர் 2-ல மத்திய அரசோட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்தப்புறம் அந்த பேர் நாடு பூரா பரவிடுச்சு, ஆனா நம்ம வாய்ல இன்னும் பால்வாடிதான். 2019-ல தமிழ்நாட்டுல 2381 அங்கன்வாடில எல்.கே.ஜி, யு.கே.ஜி. ஆரம்பிச்சாங்க, தோட்டத்துக்குள்ள இன்னொரு தோட்டம்னு வெச்சிக்கோங்க.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? மழலையர் பள்ளின்றதுதான் நிலைச்சிருக்கு. மழலை ரொம்ப நல்ல வார்த்தை, "குழலினிது யாழினிது"ன்னு சொன்ன குறள்லயே இருக்கு, புள்ளையோட புரியாத பேச்சுதான் மழலை. ஆனா தோட்டம் போயி ஃப்ரோபெல் வேணாம்னு வுட்ட பள்ளி உள்ள பூந்துடுச்சு. மழலையர் தோட்டம்னா எனக்கு புடிக்கும், ஆனா எங்க ஊர்ல தோட்டப்பாளையம்னு ஏரியாவே இருக்கறதால அட்ரஸ் சொல்றன்னு நெனச்சிக்குவாங்க. இலங்கைல முன்பள்ளி, மலேசியால பாலர் பள்ளி, அரசு பேப்பர்ல இந்த படிப்புக்கு முன்பருவக் கல்வி. முன்பருவக் கல்வின்னா என்னவோ பயிர் இன்சூரன்ஸ் மாதிரி கேக்குது.

பள்ளிக்கும் ஒரு நியாயம் இருக்கு. அந்த வார்த்தைக்கு படுக்கை, தூங்கற எடம்னும் அர்த்தம், பாலாத்தங்கரைல ரங்கநாதர் படுத்துகினு இருக்கற ஊரு பள்ளிகொண்டான்னு ஆனது அப்படித்தான். மத்தியானம் சோறு துன்னுட்டு வரிசையா பாய்ல தூங்கற பால்வாடி புள்ளைங்களுக்கு அந்த அர்த்தமே போதும்.