இண்டெக்ஸ்: அடைவா, குறியீடா?

“குறியீட்டுக் கோப்புகளின் சங்கிலியில் குறியீட்டைத் தேடும் குறியீடு.” நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருள் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்படி ஒரு வரி. முதலில் வருவது இண்டெக்ஸ், அடுத்தது ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண்), கடைசி நிரல். மூன்றுக்கும் ஒரே சொல்லா? புதிதாகப் படிக்கவரும் மாணவருக்கு இதில் என்ன விளங்கும்?

இண்டெக்ஸ் லத்தீன் சொல். சுட்டிக்காட்டுவது என்று பொருள். சுட்டுவிரலுக்கும் அங்கே அதுவே பெயர். குறியீடு வேறு: ஒன்றுக்குப் பதிலாக நிற்பது. இண்டெக்ஸோ ஒன்று எங்கே இருக்கிறது என்று சொல்வது. நூல்களின் கடைசியில் சொல்லடைவு, பொருளடைவு என்று காலங்காலமாக அச்சிட்டு வருகிறோம். பழைய உரைகளில் ‘அடைவே’ என்றால் ‘முறையே’. ஆக, வரிசை என்ற பொருள் அடைவுக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே வரிசைதான் உயிர். கிட் பலவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும் கோப்பு பொதி (pack). அதன் அடைவில் ஹாஷ்கள் ஏறுவரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால், முதல் பைட்டின் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒன்றாக 256 எண்கள். எந்தப் பகுதியில் பார்ப்பது என்பதை அவை காட்டிவிடும். பிறகு பாதி பாதியாக வெட்டித் தேடலாம். 2024-இல் வந்த 2.47 பதிப்பில் பல பொதிகளுக்கான அடைவைச் சங்கிலியாக வைக்கும் வசதி சோதனை முறையில் சேர்ந்தது. புதிய பொதி வந்தால் பெரிய அடைவு முழுவதையும் திருப்பி எழுத வேண்டாம், சிறிய அடைவு ஒன்றை மேலே அடுக்கினால் போதும். அதற்காகத் தேடும் செயற்கூறும் (function, அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டு) விரிந்தது: மேலடைவில் இல்லையென்றால் அடியிலுள்ளதற்கு இறங்கும். கிடைத்த இடத்தோடு, அதற்கும் கீழே உள்ள அடைவுகளின் மொத்தப் பதிவுகளைக் கூட்டினால் சங்கிலி முழுவதற்குமான வரிசை எண் வந்துவிடும். இதில் எங்கே இருக்கிறது குறியீடு?

அட்டவணை என்பார் உண்டு. அது டேபிளுக்கு வேண்டும். சுட்டி என்றால் மவுஸும் பாயின்டரும் சண்டைக்கு வரும். டைரக்டரிக்கு அடைவு என்று எழுதியவர்கள் இருக்கிறார்களே என்பதுதான் நியாயமான தடை; ஆனால் அந்த இடத்தைக் கோப்புறை பிடித்துவிட்டது. சங்கிலி வடமொழி வழி வந்ததென்று அதை நீக்கச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஊரறிந்த சொல், இருக்கட்டும். தூய தமிழ்ச் சொல்லான குறியீடுதான் இங்கே பொருளைக் கெடுத்திருக்கிறது. அகராதியைத் திறந்து முதலில் கண்ட சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர், அந்தக் கோப்பு என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: “அடைவுச் சங்கிலியில் ஹாஷைத் தேடும் செயற்கூறு.”