வயிற்றில் ஒட்டியிருந்தது பூஞ்சை இல்லை

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குத் தொட்டி பார்க்கப் போனேன். வளவு ஓரத்தில் மூன்றடித் தொட்டி. உள்ளே பென்சில் தடிமன்கூட இல்லாத இரண்டு மீன்கள். தண்ணீர் நீலமாக இருந்தது. "அண்ணே, ஒண்ணுக்கு வயிறெல்லாம் பூஞ்சை. மூணு நாளா மெத்திலீன் ப்ளூ மருந்து ஊத்துறேன், போக மாட்டேங்குது" என்றார் அந்த வீட்டுத் தம்பி.

டார்ச் அடித்து, போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜவ்வரிசியைவிடச் சின்ன மணிகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் பதித்ததுபோல வரிசையாக இருந்தன. பூஞ்சை இப்படி ஒழுங்காக வளராது, பஞ்சுபோலப் பிசிறடிக்கும். இது முட்டை. கூடத்தில் இருந்த ஆச்சி, "அப்ப அது பொட்டையா?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, ஆண். இந்த மீனில் அப்பச்சிதான் சுமக்கும்."

இது கடல்குதிரையின் குடும்பத்தைச் சேர்ந்த குழல் மீன், கடைகளில் பைப்ஃபிஷ். பெண் முட்டையை ஆணிடம் ஒட்டிவிட்டுப் போய்விடும். எங்கே ஒட்டுகிறது என்பதே இனத்துக்கு ஒரு துப்பு. சில பேரினங்களில் வாலின் அடியில், சிலவற்றில் வயிற்றின் அடியில். தொண்டிப் பக்கம் கடற்புல்லில் இருக்கும் பச்சை நிறக் குழல் மீனுக்கு வயிற்றில்தான். அதற்கு வால்துடுப்பு கிடையாது, வாலைப் புல்லில் சுற்றிக்கொள்ளும்.

முரலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முரலுக்கு நீண்ட தாடையும் பல்லும் உண்டு. இதற்குப் பல்லே இல்லை, குழல் நுனியில் சின்ன வாய், உடம்பெல்லாம் எலும்பு வளையம். மார்புத்துடுப்பிலிருந்து மலத்துவாரம் வரை எத்தனை வளையம், அப்புறம் வால்நுனி வரை எத்தனை, முதுகுத்துடுப்பு எந்த வளையத்தில் தொடங்குகிறது என்று எண்ணித்தான் இனத்தை உறுதியாகச் சொல்ல முடியும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் ஒரு படம், வயிறு தெரிய ஒரு படம் இருந்தால் போதும்.

அந்தத் தொட்டியில் இன்னொன்றின் வயிற்றுத் தோல் கீழே மடிப்பாக விரிந்து, சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்டிருந்தது. அதுதான் பெண். கங்கை, பிரம்மபுத்திரா பகுதியில் வாழும் டியோகாட்டா என்ற நன்னீர் வகையில் பெண்ணுக்குத்தான் இந்த அலங்காரம்.

இனம் தெரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில், கடல்குதிரை, குழல் மீன் குடும்பம் முழுவதும் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டது. நன்னீர் மீன் என்று விலக்கெல்லாம் இல்லை. 'ஊசி மீன்' என்று சொல்லி விற்ற கடைக்காரர் இதைத் தம்பியிடம் சொல்லவே இல்லை. தயவுசெய்து கேட்டு வாங்குங்கள், பெயர் சொல்ல முடியாத மீனை வாங்காதீர்கள்.

"சரிண்ணே, ஊரணியில விட்டுடவா?" என்றார் தம்பி. கூடவே கூடாது. வேறு ஆற்று மீன் அது. நம் ஊரணியில் தங்காது, கொண்டுபோகும் நோய் மட்டும் தங்கலாம். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, மருந்தை நிறுத்தி, உயிருள்ள ஆர்ட்டீமியா (மீனுக்கு இரையாகப் போடும் பொடி இறால்) போடச் சொன்னேன். அன்று மாலையே அவர் வனத்துறைக்குப் போன் செய்தார். முட்டைகளில் பாதி அதற்குள் வெளுத்திருந்தன.