கேனன்: நாணலில் பிறந்த சொல்

ஒரு சமயத்துக்குள் எத்தனையோ நூல்கள் எழுதப்படுகின்றன. சிலவற்றை மட்டும் மறைநூல் என்று தலைமேல் வைத்துக்கொள்கிறோம். அப்படி ஏற்கப்பட்ட நூல்களின் வரிசைக்குக் கிறித்தவர்கள் சொல்லும் பெயர் கேனன்.

கிரேக்க மொழியில் 'கனோன்' என்றால் நேரான கோல். தச்சரும் கொத்தரும் கோணல் பார்க்க வைத்திருந்த கோல். அதற்கும் பின்னால் ஒரு செமித்திய வேர் இருக்கிறது. எபிரேயத்தில் 'கானே' என்றால் நாணல். நிமிர்ந்து வளரும், எடை கிடையாது, வெட்டி எடுத்தால் அளவுகோல் தயார். பைபிளில் எசேக்கியேல் என்ற இறைவாக்கினர் கண்ட காட்சியில் ஆலயத்தை அளக்க வருபவர் கையில் இருப்பது ஆறு முழ நாணற்கோல்தான். (பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே நாணலிலிருந்து வந்தது. அங்கே எடுத்துக்கொண்டது அதன் குழாய் வடிவத்தை.)

இயேசுவின் தூதர் பவுல் கலாத்தியச் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் (6:16) கனோன் என்ற சொல்லை 'நெறி' என்ற பொருளில்தான் ஆண்டார். அங்கே புத்தகப் பட்டியல் பற்றிய பேச்சே இல்லை. பிறகு பட்டியல் எப்படி வந்தது?

இங்கேதான் தீமை பற்றிய பழைய கேள்வி நுழைகிறது. இரண்டாம் நூற்றாண்டில், கருங்கடல் கரையிலிருந்த சினோப்பே ஊர்க்காரர் மார்சியோன் ரோமாபுரிக்கு வந்தார். இவ்வளவு துன்பமும் கொடுமையும் நிறைந்த உலகத்தைப் படைத்த கடவுளும், இயேசு காட்டிய அன்பான தந்தையும் ஒருவராக இருக்க முடியாது என்பது அவர் முடிவு. அதனால் படைத்த கடவுளைப் பேசும் யூத மறைநூலான பழைய ஏற்பாட்டை முழுசாகவே தள்ளினார். லூக்கா நற்செய்தியை வெட்டிச் சுருக்கி, பவுலின் பத்துக் கடிதங்களோடு சேர்த்து ஒரு தொகுப்பு செய்தார். ரோமச் சபை சுமார் 144இல் அவரை விலக்கியது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியை விலக்க முடியவில்லை. எவை நம் நூல்கள் என்று சபைகள் வாய்திறந்து சொல்ல வேண்டியதாயிற்று.

இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் கூடாமல் குறையாமல் சொல்லும் மிகப் பழைய பட்டியல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு 367இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. கனோன் என்ற சொல்லின் வினைவடிவம் அதில் நூல்களுக்கே ஆளப்படுகிறது. அவர் தம் விருப்பத்துக்குப் பொறுக்கவில்லை. அவற்றில் பெரும்பாலானவை தலைமுறை தலைமுறையாக வழிபாட்டில் வாசிக்கப்பட்டு வந்தவை. பழைய ஏற்பாட்டில் வழக்கு இன்னும் தீரவில்லை. கத்தோலிக்கர் 1546இல் திரெந்து நகரில் கூடிய ஆயர் சங்கத்தில் உறுதிசெய்த கணக்கில் மொத்தம் 73 நூல்கள், சீர்திருத்தச் சபையாருக்கு 66.

சரி, தமிழில் என்ன சொல்வது?

பழைய தமிழ் பைபிள் அந்தக் கலாத்தியர் வசனத்தில் 'பிரமாணம்' என்று போட்டது. 'மா' என்ற வடமொழி வேருக்கு அளத்தல் என்று பொருள். கோலுக்குக் கோல், பொருத்தமான மொழிபெயர்ப்பு. ஆனால் இன்று பிரமாணம் என்றால் பதவியேற்பும் சத்தியமும்தான் நினைவுக்கு வருகின்றன.

தமிழ்க் கத்தோலிக்கர் 'திருமுறை' என்கிறார்கள். அந்த ஏழு கூடுதல் நூல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இணைத்திருமுறை'. சைவர்களிடமிருந்து வந்த சொல் இது. ஒழுங்கு, நீதி, நூல் மூன்றும் 'முறை'க்குள் இருக்கின்றன. கதையும் ஒத்துப்போகிறது. தில்லையில் கறையான் அரித்த தேவார ஏடுகளை ராசராசன் மீட்டான், நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபு. அதற்கு முன்பே, பல்லவர் காலத் திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகிறது. பாட்டு முதலில், பட்டியல் அப்புறம். சேக்கிழாரின் பெரியபுராணம் பின்னால் பன்னிரண்டாவதாகச் சேர்ந்ததும் அப்படித்தான். ஆகவே தொகுதியைக் குறிக்க 'திருமுறை' என்பதே என் தேர்வு. இலக்கியப் பேச்சில் வரும் கேனனுக்கு இது பொருந்தாது. அங்கே 'செவ்வியல் வரிசை' போதும்.

ஆனால் திருமுறையில் அந்தக் கோல் காணாமல் போகிறது. நூல்களை நாம் அளந்தோம் என்பது கேனனில் பாதிதான். ஏற்றுக்கொண்ட பிறகு அந்த நூல்கள் நம்மை அளக்கின்றன என்பது மறுபாதி. அந்த மறுபாதிக்குத் தமிழில் சொல் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. மரத்தில் கோணல் பார்க்கத் தச்சர் பிடிப்பதும் நூல், நாம் படிப்பதும் நூல். நன்னூல் பாயிரமே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது:

"மரத்தின் கனக்கோட்டம் தீர்க்குநூல் அஃதேபோல்
மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு."

கிரேக்கத் தச்சர் கையில் கோல் இருந்தது, நம் தச்சர் கையில் நூல்.