மனச்சோர்வு மாத்திரை: தொடக்கத்திலும் நிறுத்தும்போதும் உடலில் நடப்பது என்ன?

ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் விழுங்கிய சில மணி நேரத்திலேயே மூளையில் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் மனம் லேசாவதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6 அல்லது 8 வாரம்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் பலர் "எனக்கு ஒத்துவரவில்லை" என்று மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நரம்புச் செல்கள் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளை வெளியிட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும், அனுப்பிய செல்லே அதை ஒரு புரதத்தின் வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மாத்திரை அந்தப் புரதத்தை அடைக்கிறது. அதனால் செல்களுக்கு நடுவே செரோட்டோனின் கூடுகிறது. சரி, பலன் ஏன் உடனே வருவதில்லை? அனுப்பும் செல்லில் அளவைக் கண்காணிக்கும் உணரிகளும் இருக்கின்றன. செரோட்டோனின் கூடியதும் அவை "போதும்" என்று வெளியீட்டைக் குறைத்துவிடும். வாரக்கணக்கில் மருந்து தொடர்ந்தால்தான் அந்த உணரிகள் மந்தமாகும். அப்புறம் நரம்பு இணைப்புகளிலும் மெல்ல மாற்றங்கள் நடக்கின்றன. தாமதத்துக்கு ஆய்வாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கங்கள் இவை. மனச்சோர்வு என்றாலே செரோட்டோனின் குறைபாடுதான் என்று சொல்வது விஷயத்தை மிகவும் எளிமையாக்கிவிடுகிறது.

பலன் தாமதமாக வந்தாலும் பக்கவிளைவு முந்திக்கொள்ளும். உடலில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அதனால் முதல் வாரங்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இவை அடங்கிவிடும். பாலுறவில் நாட்டமின்மை அப்படிச் சீக்கிரம் போவதில்லை. அதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

தொடக்க வாரங்களில் வீட்டில் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும். சிறார்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் இந்த நாட்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. 2007-இல் அது 24 வயது வரை நீட்டிக்கப்பட்டது. புதிதாக வரும் பதற்றம், நிலைகொள்ளாமை, தூக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகம் இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவரை அழையுங்கள். கடைசியாகச் சொன்னது, அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். தற்கொலை எண்ணம் வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மற்ற மருந்துகளோடு சேரும்போதுதான் நிஜமான ஆபத்து. இரத்தத் தட்டணுக்களும் உறைவதற்குச் செரோட்டோனினைப் பயன்படுத்துகின்றன; அவை அதை உறிஞ்சுவதையும் மாத்திரை அடைக்கிறது. ஆகவே ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற வலி மருந்து, சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், மூலிகை என்ற பெயரில் விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஆகியவை செரோட்டோனினை அளவுக்கு மீறி ஏற்றிவிடலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு, குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எம்ஏஓ தடுப்பான் என்ற பழைய வகை மாத்திரைக்கு மாறுவதென்றால் பொதுவாக 14 நாள் இடைவெளி தேவை. ஃப்ளூவாக்ஸெட்டினை விட்டு அதற்கு மாறுகிறவர்களுக்கு மட்டும் 5 வாரம், ஏனென்றால் அது உடலைவிட்டு அவ்வளவு மெதுவாகத்தான் வெளியேறும்.

நிறுத்தும்போதும் இந்த வேகம்தான் முக்கியம். பராக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரை உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 1 நாள், வென்லாஃபாக்ஸின் என்ற இன்னொன்று குறையச் சில மணி நேரமே. அதனால் ஓரிரு நாள் தவறினாலே சிலருக்குத் தலைசுற்றும், தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்னும். மறந்த மாத்திரையை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாக விழுங்கக் கூடாது.

மனம் தெளிந்த பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் படிப்படியாகக் குறைப்பார்கள். பலர் இடறுவது கடைசிப் படிகளில். வழக்கமான குறைந்த டோஸிலேயே, செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் அந்தப் புரதத்தில் சுமார் 80 சதவீதம் அடைபட்டிருக்கும். டோஸைப் பாதியாக்கினாலும் அடைப்பு கொஞ்சம்தான் குறையும். மிச்சமிருக்கும் சிறு டோஸை ஒரேயடியாக விட்டால்தான் பெரிய சரிவு. ஆகவே டோஸ் சிறிதாகச் சிறிதாக, குறைக்கும் அளவும் சிறிதாக வேண்டும். சிலருக்கு இதற்கு மாதக்கணக்கில் ஆகும். மாத்திரையை உடைப்பதா, திரவ மருந்துக்கு மாறுவதா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். சில வகைகளை உடைக்கவே கூடாது.

குறைக்கும்போது தொல்லை வந்தால், நோய் திரும்பிவிட்டதோ என்ற பயம் வரும். அது எப்போது வந்தது என்று பாருங்கள். தலைசுற்றலும் சுரீர் உணர்வுமாகச் சில நாட்களுக்குள் தொடங்கி, பழைய டோஸுக்குப் போனதும் சட்டென்று அடங்கினால் பெரும்பாலும் மருந்து விலகுவதால் வந்தது. நோய் திரும்புவது வழக்கமாக வாரங்கள் கழித்து, மெதுவாக. குறைத்த தேதியையும் தொல்லை தொடங்கிய தேதியையும் குறித்து வைத்தால், இரண்டில் எது என்று மருத்துவரால் எளிதாகப் பிரித்துச் சொல்ல முடியும்.