பலகை மாதிரி இருக்கட்டும், பரவாயில்லை

அம்மாவின் கட்டிலை ஒட்டி வைக்கும் குழந்தைத் தொட்டிலான பெட்சைடு ஸ்லீப்பர் வந்த பெட்டியைப் பிரித்ததும் மெத்தையில் முதலில் கைவைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பாட்டிதான். "என்னடி இது, பலகை மாதிரி இருக்கு? பச்ச உடம்பு, வலிக்காதா?" என்பார். பெற்றவளுக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான். அரை மணி நேரத்தில் பழைய பருத்திப் புடவை ஒன்று நான்காக மடிந்து மெத்தைமேல் ஏறும். அப்புறம் தலைக்கு ஒரு கடுகுத் தலையணை, இரண்டு பக்கமும் குட்டி உருளைத் தலையணை, காலடியில் ஒரு கரடி பொம்மை. இப்போது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொட்டிலை வடிவமைத்தவர்கள் மெனக்கெட்டு வெளியே தள்ளியதெல்லாம் திரும்ப உள்ளே வந்துவிட்டது.

இந்தத் தொட்டிலில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் உயரமான வலைச்சுவர், அம்மாவின் கட்டிலைப் பார்த்த நாலாவது பக்கம் மட்டும் இறக்கிக்கொள்ளலாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டிய முதல் மாதங்களில், அதுவும் சிசேரியன் தையலோடு இருப்பவருக்கு, எழுந்து நிற்காமல் கை நீட்டிக் குழந்தையை எடுக்க முடிவதே பெரிய நிம்மதி. பெற்றோர் தூங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குறைந்தது முதல் 6 மாதமாவது குழந்தையைப் படுக்க வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி. பக்கத்தில் இருந்தால் சிணுங்கல் காதில் விழும், பால் கொடுப்பதும் தடைபடாது. தனிப் படுக்கை எதற்கு என்றால், பெரியவர்களின் மெத்தை குழந்தைக்கு ரொம்பவே மெத்தென்று இருக்கும். அதோடு தலையணை, போர்வை, அசந்து புரளும் அப்பா எல்லாமே அந்தக் கட்டிலில்தான்.

சரி, மெத்தென்று இருந்தால் என்ன தப்பு?

பிறந்த குழந்தையின் தலை மொத்த நீளத்தில் ஏறத்தாழ கால்வாசி. அந்தத் தலையைத் தூக்கித் திருப்பக் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு. மூச்சுப்பாதையின் குறுகலான இடமோ சுமார் 4 மி.மீ. விட்டம்தான். குழாயின் விட்டம் பாதியாகச் சுருங்கினால் அதில் காற்று போவது இரண்டு மடங்கு கடினமாகும் என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. ஆரத்தின் நான்காம் அடுக்குப்படி தடை கூடுவதால் 16 மடங்கு கடினமாகும். பெரியவர்களுக்குக் குழாயின் உட்சுவர் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் அவ்வளவாகத் தெரியாது. குழந்தைக்கு அதுதான் பாதிக் குழாய்.

மெத்தென்ற பரப்பில் முகம் புதைந்தால் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. துணிக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளம் உண்டாகும். வெளியே விட்ட காற்று அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிட, அடுத்த மூச்சில் அதையே குழந்தை திரும்ப இழுக்கும். கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகும், ஆக்சிஜன் குறையும். மூளைத்தண்டில் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை மணி இருக்கிறது. அது அடித்தால் குழந்தை பெருமூச்சு விடும், தலையைத் திருப்பும், வீறிட்டு அழும். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அந்த மணி ஒரே மாதிரி அடிப்பதில்லை. தூக்கத்தில் திடீரென்று இறந்துபோன பல குழந்தைகளின் மூளைத்தண்டில் செரடோனின் சார்ந்த நரம்பு அமைப்பு வேறுபட்டிருந்ததைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஹன்னா கின்னியும் அவரது குழுவும் கண்டறிந்தார்கள். எந்தக் குழந்தைக்கு மணி தாமதமாக அடிக்கும் என்று தொட்டிலுக்கு வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் விதி எல்லாக் குழந்தைக்கும் சேர்த்தே போடப்படுகிறது. கையால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் விழாமல் உடனே மேலெழும் மெத்தை, அதன்மேல் இழுத்து மாட்டிய ஒரே ஒரு விரிப்பு, அவ்வளவுதான். தலை உருண்டையாக வரும் என்று விற்கும் தலையணைகளை வாங்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022-இல் எச்சரித்தது. கடுகுத் தலையணைக்கும் அதே கதிதான்.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலில் இறங்கிவிடுமே என்பது அடுத்த பயம். இந்தப் பயம் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு மட்டும் வந்ததல்ல. மேலை நாடுகளில் மருத்துவர்களே ஒரு காலத்தில் இதைச் சொல்லித்தான் குழந்தைகளைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். உடற்கூறு வேறு கதை சொல்கிறது. மல்லாந்து படுத்திருக்கையில் மூச்சுக்குழல் மேலே இருக்கும், உணவுக்குழல் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குப் போக வேண்டுமானால் புவியீர்ப்பை எதிர்த்து மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1994-இலும் தொடங்கியது. அமெரிக்காவில் பத்து வருடத்துக்குள் திடீர்ச் சிசு மரண விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மருந்து இல்லை, கருவி இல்லை, படுக்க வைக்கும் பக்கத்தை மாற்றினார்கள், அவ்வளவே.

சாய்வாகப் படுக்க வைப்பது பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் அதைச் சொகுசு என்று விற்கிறார்கள். ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுத் தொட்டில் 2009-இல் வந்தது, சுமார் 30 டிகிரி சாய்வு. குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று பெற்றோர் கொண்டாடினார்கள். 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் தொட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்காக ஆர்கன்சா மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் எரின் மேனன் ஆராய்ந்து பார்த்ததில், 10 டிகிரிக்கு மேல் சாய்வாகப் படுக்க வைத்த குழந்தைகளின் வயிற்றுத் தசைகள் அதிகம் உழைப்பது தெரிந்தது. சாய்வில் தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழல் மடங்கும். புரண்டுவிட்டால் மீண்டுவரத் தேவையான தசைகளோ ஏற்கெனவே களைத்திருக்கும். 2022-இல் அமெரிக்கா சாய்வுத் தொட்டில்களைச் சட்டம் போட்டே தடைசெய்தது. சில பெட்சைடு ஸ்லீப்பர்களில் கால்களை வெவ்வேறு உயரத்தில் வைத்துத் தலைப்பக்கத்தைத் தூக்கிக்கொள்ளலாம், "பால் கக்காது" என்று போட்டிருப்பார்கள். அந்த வசதியைத் தொடாமல் விடுவதே மேல்.

தூளியில் வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம் என்பீர்கள். நானும்தான். ஆனால் துணி வளைந்தால் முதுகும் வளையும், தாடை நெஞ்சுக்கு வரும், துணி முகத்தை ஒட்டி மூடவும் செய்யும். இயற்பியல் தூளிக்கு மட்டும் சலுகை தராது. பகலில் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து ஆட்டித் தூங்க வைத்துச் சமதளத்துக்கு மாற்றுவது வேறு, எல்லோரும் தூங்கும் இரவில் அதிலேயே விட்டுவிடுவது வேறு.

இனி பொருத்தும் வேலை. பெட்சைடு ஸ்லீப்பரின் உண்மையான ஆபத்து அதன் உள்ளே இருப்பதைவிடக் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில்தான் அதிகம். அந்த இடைவெளியில் குழந்தை நழுவினால் தலை சிக்கும். தொட்டில் கட்டிலை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பட்டையைப் பெரியவர்களின் மெத்தைக்கு அடியில் கொடுத்து எதிர்ப்பக்கச் சட்டத்தில் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு ஒருவர் தொட்டிலைப் பிடித்து வெளியே இழுத்துப் பார்க்கட்டும். விரல் போகும் அளவுக்கு இடைவெளி விட்டால் கட்டியது போதாது. வாரம் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும், பட்டை தளரும். உண்டாகும் இடைவெளியைப் போர்வை திணித்து அடைக்கக் கூடாது, போர்வையும் நகரும். இறக்கிய பக்கத்தில்கூட மெத்தைக்கு மேல் ஒரு தடுப்பு எழும்பி நிற்க வேண்டும். அமெரிக்கத் தரநிர்ணயம் கேட்பது சுமார் 10 செ.மீ., ஐரோப்பாவில் 12 செ.மீ.

2007-இலும் 2008-இலும் சிம்ப்ளிசிட்டி நிறுவனத்தின் ஒருவகைத் தொட்டிலின் உலோகக் கம்பிகளுக்கு நடுவே சிக்கி அமெரிக்காவில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். கம்பிகளை மறைத்திருந்த துணி மடிப்பு சரியாக மாட்டப்படாவிட்டால் விலகிக்கொள்ளும்படி இருந்தது. அதனால் மாட்டி முடித்ததும் துணியை விலக்கி உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. அடியில் பெட்டி வைத்த ஸ்டோரேஜ் கட்டில் என்றால் தொட்டிலின் கால் உள்ளே போகாது, தள்ளி நிற்கும். கட்டிலின் பக்கவாட்டில் தேக்குச் சட்டம் மெத்தைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். வாங்கும் முன் டேப் எடுத்துத் தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரை அளந்துகொள்ளுங்கள். உயரம் ஒத்துவரவில்லையா, நாலு பக்கமும் மூடித் தனித் தொட்டிலாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், குறை ஒன்றும் இல்லை. பாயில் படுக்கும் வீட்டுக்கு இந்தச் செலவே வேண்டாம். கெட்டியான தனி விரிப்பு ஒன்று பக்கத்தில் போதும்.

நம் வெயிலுக்குக் குல்லாவும் கையுறையும் காலுறையுமாகப் பொதிந்து வைப்பது வேண்டாம். அதிகச் சூடும் திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்துக் காரணிகளில் ஒன்று, குழந்தை சூட்டை வெளியேற்றும் முக்கிய வழியே தலைதான். ஃபேன் போட்டால் சளி பிடிக்கும் என்று அணைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2008-இல் கலிபோர்னியாவில் வந்த ஓர் ஆய்வில், ஃபேன் ஓடிய அறைகளில் இந்த மரணம் குறைவாகவே நேர்ந்திருந்தது. ஃபேனால்தான் குறைந்தது என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஃபேனைக் கண்டு பயப்படவும் தேவையில்லை.

இவ்வளவும் செய்தாலும் முதுகு மெத்தையைத் தொட்டதும் கண் திறக்கும் குழந்தைகள் உண்டு. ஜப்பானின் ரிகென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2022-இல் இதை அளந்து பார்த்தது. அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் சீராக நடந்தால் பல குழந்தைகள் தூங்கிவிட்டன. தூங்கியதும் கீழே விட்டால் விழித்தன. 5 முதல் 8 நிமிடம் கையிலேயே வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு இறக்கினால் தூக்கம் நீடித்தது. அம்மாவின் உடம்பிலிருந்து பிரியும் கணம்தான் குழந்தையை உசுப்புகிறது. அதிகாலை மூன்று மணிக்கு அந்த எட்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதுவதில்லை.

குழந்தை கையை ஊன்றி எழும்பத் தொடங்கியதும், பெரும்பாலும் நாலைந்து மாதத்தில், பெட்சைடு ஸ்லீப்பரின் வேலை முடிந்தது. இறக்கிய பக்கத்துத் தடுப்பை அது இனி தாண்டிவிடும். அப்புறம் அந்தத் தொட்டில் சித்தி மகளுக்கோ எதிர்வீட்டுக்கோ போகும். அப்படிக் கைமாறி வரும் தொட்டிலில் எல்லாம் இருக்கும், அந்தப் பட்டை மட்டும் காணாமல் போயிருக்கும். கூட வந்த மெத்தை நனைந்துவிட்டதென்று ஃபோம் கடையில் வெட்டி வாங்கிய ஒன்று அதன் இடத்தில் கிடக்கும், சுற்றிலும் கட்டைவிரல் அகலச் சந்து விட்டு.